தகாசாகோ தன்னார்வப் படை: தைவானின் பூர்வகுடிப் படைவீரர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப்போரில் தைவானின் பூர்வகுடி இளைஞர்களைக் கொண்டு ஜப்பான் திரட்டியதே தகாசாகோ தன்னார்வப் படை. 1974-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தோனேசியாவின் மொரோத்தாய் தீவுக் காடொன்றில் பிடிபட்ட கடைசி ஜப்பானியப் படைவீரரின் கதையை நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் ஜப்பானியர் அல்லர், தைவானின் பூர்வகுடி ஒன்றைச் சேர்ந்தவர் என்று சொன்னதுமே ஒரேவிதமான ஐயங்கள் எழும். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கு எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில் தந்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் அடிப்படையானவை. பின்னால் வருபவை அவ்வளவு எளிதில் முடிவதில்லை.

தைவான் என்றாலே சீனர்கள்தானே? அங்கே பழங்குடிகள் எங்கிருந்து வந்தார்கள்?

அவர்கள் வேறெங்கிருந்தும் வரவில்லை. சீனர்கள்தான் பின்னால் வந்தவர்கள். இன்று தைவானில் பெரும்பான்மையாக உள்ள சீன மொழியினரின் முன்னோர் பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து ஃபூஜியன், குவாங்தோங் பகுதிகளிலிருந்து கடல் கடந்து குடியேறியவர்கள். அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அத்தீவில் வாழ்ந்துவரும் மக்களைத்தான் பூர்வகுடிகள் என்கிறோம். அவர்களின் மொழிகள் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மலாய், தகாலோக், மாவோரி, மடகாஸ்கரின் மலகாசி என்று இரு பெருங்கடல்களில் விரிந்து கிடக்கும் அந்தக் குடும்பம் தைவானிலிருந்தே கிளைவிட்டது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. மலேசியத் தமிழர் அன்றாடம் கேட்கும் மலாய்ச் சொல்லான ‘லீமா’வுக்குத் தைவானின் கிழக்குக் கரையில் பேசப்படும் அமிஸ் மொழியிலும் ஐந்து என்றே பொருள்.

தைவான் அரசு இன்று 16 பூர்வகுடி இனங்களை ஏற்றுள்ளது. அமிஸ், பைவான், அதாயல், புனுன், புயுமா, ருகாய், செதிக், த்சோ ஆகியவை அவற்றுள் சில. எல்லோரையும் சேர்த்தாலும் மக்கள்தொகையில் ஏறத்தாழ 2.5 விழுக்காடுதான். இந்தப் பெயர்களில் பலவற்றுக்கு அந்தந்த மொழியில் ‘மனிதர்’ என்பதே பொருள். புனுன் என்றாலும் மனிதர், செதிக் என்றாலும் மனிதர். இதை நினைவில் வைத்திருங்கள். இறுதிக்கு முந்தைய கேள்வியில் மீண்டும் தேவைப்படும்.

ஜப்பான் அங்கே எப்படி வந்தது?

சீனாவின் சிங் பேரரசு 1895-இல் ஜப்பானிடம் போரில் தோற்று, ஷிமொனோசெகி உடன்படிக்கையின் வழியாகத் தைவானை விட்டுக்கொடுத்தது. ஜப்பானின் ஆட்சி 1945 வரை, அதாவது 50 ஆண்டுகள் நீடித்தது. சிங் அரசு தன் கையில் முழுமையாக வைத்திராத மலைப்பகுதிகளையும் சேர்த்தே கொடுத்தது என்பதும், மலைகளில் வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை என்பதும் சொல்லாமலே விளங்கும்.

மலைகளில் கற்பூர மரங்கள் இருந்தன. உலகச் சந்தையில் கற்பூரத்துக்கு நல்ல விலை இருந்தது. காவல் அரண்களும் மின்வேலிகளும் கொண்ட எல்லைக்கோடு ஒன்றை அமைத்து, அதை ஆண்டுதோறும் மலைக்குள் நகர்த்திக்கொண்டே சென்றார்கள். தலைமை ஆளுநர் சகுமா சமாதா 1910 முதல் 1914 வரை நடத்திய ஐந்தாண்டுப் படையெடுப்பில் வடக்கு, கிழக்கு மலைகளின் மக்கள் ஒடுக்கப்பட்டு, அவர்களின் வேட்டைத் துப்பாக்கிகள் பறிக்கப்பட்டன. அதன்பின் மலைக்கிராமங்களில் காவலரே நிர்வாகியாகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார்; பல இடங்களில் மருந்து கொடுப்பவரும் அவரே. சமவெளியில் இருந்த சீனர்களுக்குப் பொது நிர்வாகம், மலையில் இருந்தவர்களுக்குக் காவல்துறை நிர்வாகம் என்ற இந்தப் பிரிவினையை மறந்துவிட்டால் பின்னால் வரும் எதுவும் புரியாது.

‘தகாசாகோ’ என்பது ஓர் இனத்தின் பெயரா?

இல்லை. தைவானுக்கு ஜப்பானியர் பழங்காலத்தில் வழங்கிய பெயர்களில் ஒன்று அது. ஆட்சியின் தொடக்கத்தில் இம்மக்களை ‘காட்டுமிராண்டிகள்’ என்ற பொருள்படும் சொல்லால் ஆவணங்களில் குறித்தார்கள். 1935-இல் அதை மாற்றி ‘தகாசாகோ இனத்தார்’ என்று எழுதத் தொடங்கினார்கள். ஒன்றுக்கொன்று புரியாத மொழிகளைப் பேசிய, சில இடங்களில் தலைமுறைப் பகையும் கொண்டிருந்த இனங்களை ஒரே பெயரின் கீழ் அடுக்கியது காலனிய அரசுதான்.

முஷாவில் ஜப்பானியரை வெட்டிச் சாய்த்தவர்கள், பன்னிரண்டே ஆண்டுகளில் அதே ஜப்பானுக்காகப் போருக்குப் போனது எப்படி?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930 அக்டோபர் 27 அன்று, நடுத் தைவானின் முஷாவில் (இன்று வூஷே) பள்ளி விளையாட்டு விழா நடந்துகொண்டிருந்தபோது, மோனா ருதாவோ என்ற தலைவரின் கீழ் ஆறு செதிக் ஊர்களைச் சேர்ந்தவர்கள் தாக்கி 134 ஜப்பானியரைக் கொன்றார்கள். கட்டாய மரம் சுமப்பு, கூலி மோசடி, காவலரின் அவமதிப்பு, மலைப் பெண்களை மணந்து பின்னர் கைவிட்ட காவல் அதிகாரிகள் என்று காரணங்கள் பல ஆண்டுகளாகக் குவிந்திருந்தன. ஜப்பான் பீரங்கிகளையும் விமானங்களையும் அனுப்பியது. நச்சுவாயு பயன்படுத்தப்பட்டது என்ற குற்றச்சாட்டும் அன்றே எழுந்தது. கிளர்ந்த ஊர்களில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தாங்களே தூக்கிட்டும் பிற வழிகளிலும் உயிர் துறந்தவர்கள்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. கிளர்ந்தவர்களை மலைகளில் தேடி வேட்டையாடியவர்களில் ஒரு பகுதியினர், ஜப்பானின் பக்கம் நின்ற பிற செதிக் குழுவினர். 1931 ஏப்ரலில், சரணடைந்து காவலில் இருந்தவர்கள் மீதே அவர்களில் தோதா குழுவினர் தாக்குதல் நடத்தி 200-க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். காவல்துறை அதைத் தூண்டியது என்றே பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. எஞ்சிய சுமார் 300 பேர் கவானகாஜிமா என்று ஜப்பானியர் பெயரிட்ட ஆற்றங்கரைப் பகுதிக்கு மாற்றப்பட்டனர். அந்தக் கவானகாஜிமாவிலிருந்தும் சில இளைஞர்கள் பின்னர் தகாசாகோ படையில் சேர்ந்தார்கள்.

ஆகவே ‘அதே மக்கள்’ என்று கேள்வியில் மறைந்திருக்கும் அனுமானத்தையே முதலில் ஐயுற வேண்டும். 1930-இல் போரிட்டது ஆறு ஊர்கள், ஒரு தலைமுறை. 1942-இல் பெயர் கொடுத்தது பல இனங்களைச் சேர்ந்த, காவலர் நடத்திய பள்ளியில் ஜப்பானிய மொழியும் ஜப்பானிய ஒழுக்கமும் கற்று வளர்ந்த அடுத்த தலைமுறை. கவானகாஜிமா இளைஞர்களைப் பொறுத்தவரை, ‘கலகக்காரர் பிள்ளைகள்’ என்ற முத்திரையைக் கழுவுவதற்குக் கிடைத்த ஒரே வழி படையாக இருந்தது.

மொத்தம் எத்தனை பேர் போனார்கள்? எங்கெல்லாம் போரிட்டார்கள்?

முதல் அணி 1942 மார்ச்சில் 500 பேருடன் பிலிப்பீன்ஸுக்குச் சென்றது. பத்தான் மூவலந்தீவில் சாலை அமைப்பதும் சுமை தூக்குவதும் அவர்களின் வேலை. அதன்பின் நியூ கினிக்கும் பிற தென் தீவுகளுக்கும் அடுத்தடுத்து அணிகள் அனுப்பப்பட்டன. மொத்த எண்ணிக்கையை 1,800 முதல் 5,000 வரை பலவாறு மதிப்பிடுகிறார்கள். 4,000 என்பது அடிக்கடி சொல்லப்படும் எண். அன்றைய பூர்வகுடி மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம்தான் என்பதை வைத்துப் பார்த்தால், சிறிய மலைக்கிராமம் ஒன்றிலிருந்து எத்தனை இளைஞர்கள் ஒரே நேரத்தில் மறைந்திருப்பார்கள் என்று கணக்கிடலாம்.

தைவான் முழுவதையும் சேர்த்து ஜப்பானிய அரசு பின்னர் வெளியிட்ட கணக்கு இது: படைவீரரும் துணைப் பணியாளருமாக 2,07,183 பேர்; அவர்களில் இறந்தவர்கள் 30,304 பேர். இவர்களில் பெரும்பாலோர் சீன மொழியினரான தைவானியர்.

அவர்கள் படைவீரர்களா, சுமைகூலிகளா?

காகிதத்தில் பெரும்பாலோர் படைவீரர்கள் அல்லர். ‘குன்சொக்கு’ எனப்படும் படைத்துணைப் பணியாளர்கள். அவர்களுக்குப் படைத்தரம் கிடையாது. படையின் அடுக்கில் அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. சுமை தூக்குவதற்கென்று எடுக்கப்பட்டவர்கள், நியூ கினியில் படை சிதறத் தொடங்கியதும் உளவு பார்க்கவும் இரவில் எதிரி முகாமுக்குள் ஊர்ந்து செல்லவும் பணிக்கப்பட்டார்கள். ஆபத்து படைவீரருக்கு உரியதாகவும் பதிவேடு கூலிக்கு உரியதாகவும் இருந்தது.

தைவானியரை முறையான படைவீரராக ஏற்கும் தன்னார்வத் திட்டத்தைத் தரைப்படை 1942-இலும் கடற்படை 1943-இலும் தொடங்கின. கட்டாயப் படைச்சேர்ப்பு 1945-இல்தான் வந்தது. பிற்காலத்தில் பூர்வகுடி இளைஞர்களைப் படைவீரராகவே சேர்த்து, நகானோ உளவுப் பள்ளியில் பயின்ற அதிகாரிகளின் கீழ்த் திடீர்த் தாக்குதல் அணிகளை உருவாக்கினார்கள். 1944 நவம்பர் 26 இரவு, பிலிப்பீன்ஸின் லேய்த்தே தீவின் விமானத்தளங்களைத் தகர்ப்பதற்காக விமானங்களில் ஏற்றி அனுப்பப்பட்ட கவோரு அணியும் பூர்வகுடியினரைக் கொண்டதே. அந்தத் தாக்குதல் தோல்வியில் முடிந்தது.

‘தன்னார்வலர்’ என்பது உண்மையா, பொய்யா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்லும்படி என்னை வற்புறுத்தியவர்கள் உண்டு. தேர்ந்தால் பாதி உண்மை போய்விடும். முதல் அணிக்குத் தேவைப்பட்டதைவிடப் பன்மடங்கு பேர் விண்ணப்பித்தார்கள் என்பதும், சிலர் விரலைக் கீறி இரத்தத்தால் விண்ணப்பம் எழுதினார்கள் என்பதும் அன்றைய நாளேடுகள் பெருமிதத்தோடு வெளியிட்ட செய்திகள். ஆனால் விண்ணப்பத்தை வாங்கியவர் யார்? ஊர்க் காவலர். பள்ளியில் எழுத்துக் கற்பித்ததும் அவரே, திருட்டு வழக்கில் அடித்ததும் அவரே, மருந்தும் உப்பும் அவர் வழியாகவே வரும். அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில் நின்று ‘உன் மகன் பெயர் கொடுக்கவில்லையா?’ என்று கேட்டால் அது அழைப்பா கட்டளையா என்பதை, கேட்கப்பட்ட தந்தைதான் சொல்ல முடியும்.

உணர்வுகளைத் தயார்ப்படுத்தும் வேலையும் நடந்துகொண்டே இருந்தது. 1938-இல், போருக்கு அழைக்கப்பட்ட ஜப்பானியக் காவலர் ஒருவரின் மூட்டைகளைச் சுமந்து சென்ற சயோன் என்ற அதாயல் பெண், புயலில் ஆற்றைக் கடக்கையில் அடித்துச் செல்லப்பட்டாள். தலைமை ஆளுநர் 1941-இல் அவள் நினைவாக ஊருக்கு ஒரு மணியைப் பரிசளித்தார். பாட்டும் பாடமும் எழுதப்பட்டன. 1943-இல் புகழ்பெற்ற நடிகை ஒருவரைக் கொண்டு திரைப்படமும் எடுக்கப்பட்டது. மூட்டை தூக்கப் போன ஒரு பெண்ணின் சாவு நாட்டுப்பற்றின் சின்னமாக மாற்றப்பட மூன்று ஆண்டுகளே ஆயின.

இத்தனைக்கும் நடுவே, விரும்பியே போனவர்களும் இருந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ‘காட்டுமிராண்டி’ என்று அழைக்கப்பட்டவனுக்கு, ஜப்பானியனுக்கு நிகராக நிற்கும் இடம் போர்க்களம் ஒன்றுதான் என்று தோன்றியது. முதிர்ந்த வயதில் பேட்டி அளித்த வீரர் பலர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். அதோடு, தலைவேட்டையும் பழிப்போரும் தடை செய்யப்பட்ட பின், ஆண்மகன் தன் துணிவை ஊருக்குக் காட்டும் பழைய வழி அடைபட்டிருந்தது. அரசு அந்த வழியைத் தன் கணக்கில் மீண்டும் திறந்துவிட்டது. சம்பளமும் ஒரு காரணம். மலையில் பணம் பார்ப்பது அரிது.

அவர்கள் பிறப்பிலேயே காட்டுப் போர் வல்லவர்கள் என்கிறார்களே?

இருட்டில் வழி கண்டார்கள், வெறுங்காலுடன் ஓசையின்றி நடந்தார்கள், தொலைவில் வரும் விமானத்தை எல்லோருக்கும் முன்பே கேட்டார்கள் என்றெல்லாம் ஜப்பானிய அதிகாரிகளின் போர் நினைவுகளில் வாசிக்கலாம். நியூ கினியில் உணவு வருவது நின்றபின், அவர்கள் பன்றிக்குக் கண்ணி வைத்தும் கிழங்கு தோண்டியும் தங்களோடு இருந்த ஜப்பானியரைக் காப்பாற்றியதும் உண்மை. வேட்டைக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அது கற்ற தொழில். இரத்தத்தில் ஊறிய மர்மம் எதுவும் இல்லை. நெல் விளையும் கரையோரத்தில் வளர்ந்த அமிஸ் இளைஞனுக்கும் உயர்மலையில் வளர்ந்த புனுன் இளைஞனுக்கும் காடு ஒன்றல்ல.

முதுகில் அரிசி மூட்டை இருக்க, அது படையின் அரிசி என்பதால் தொடாமல் பட்டினியால் செத்துக் கிடந்த தகாசாகோ வீரனின் கதையும் அந்த நினைவுகளில் அடிக்கடி வரும். சொன்னவர்கள் கண்ணீரோடுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சொன்னவர்கள் உயிரோடு திரும்பிய அதிகாரிகள் என்பதையும் கூடவே வைத்துத்தான் என்னால் அதை வாசிக்க முடிகிறது.

மொரோத்தாய் தீவில் கிடைத்தவரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

1919-இல் கிழக்குத் தைவானின் தைதோங் பகுதியில் ஓர் அமிஸ் ஊரில் பிறந்தவர். ஜப்பானியப் பதிவேட்டில் அவர் பெயர் நகமுரா தெருவோ. 1943 நவம்பரில் படையில் சேர்ந்தார். 1944-இல் மொரோத்தாய்க்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் அத்தீவில் இறங்கின. நவம்பரில் அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அவர் காட்டுக்குள் இருந்தார். முதலில் சிலருடன் சேர்ந்து வாழ்ந்தவர், 1950-களின் நடுப்பகுதியில் பிரிந்து தனியே குடிசையும் சிறு தோட்டமும் அமைத்துக்கொண்டார். 1974-இல் விமானம் ஒன்றிலிருந்து அந்தக் குடிசை தென்பட்டது. டிசம்பர் 18 அன்று இந்தோனேசிய வீரர்கள் சென்று அவரைப் பிடித்தார்கள். அவரை வெளியே வரவழைக்க ஜப்பானிய நாட்டுப்பண்ணைப் பாடினார்கள் என்று அக்காலச் செய்திகள் கூறின. 1975 ஜனவரி 8 அன்று தைவான் திரும்பினார்.

அவர் புறப்பட்டபோது தைவான் ஜப்பானின் மாகாணம்போல் இருந்தது. திரும்பியபோது சீனத் தேசியவாதக் கட்சியான கோமிந்தாங் ஆண்ட சீனக் குடியரசாக இருந்தது. அவருக்குத் தெரியாத மந்தரின் மொழி ஆட்சிமொழியாகியிருந்தது. அரசுப் பதிவேட்டில் லீ குவாங்-ஹுய் என்று தனக்கு ஒரு சீனப் பெயர் இருப்பதையே ஊர் திரும்புகையில்தான் அறிந்தார். கணவர் இறந்துவிட்டார் என்று நம்பிய மனைவி மறுமணம் செய்திருந்தார். 1979 ஜூனில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். காட்டில் இருந்தது 30 ஆண்டுகள், வீட்டில் இருந்தது நாலரை ஆண்டுகள்.

அதே 1974-இல் கிடைத்த ஓனோதாவை ஜப்பான் கொண்டாடியது. இவருக்கு மட்டும் ஏன் சொற்பப் பணம்?

ஓனோதா ஹிரோ ஜப்பானிய அதிகாரி. பிலிப்பீன்ஸின் லூபாங் தீவிலிருந்து மார்ச் மாதம் வெளியே வந்தார். அவருக்கு ஓய்வூதியமும் பெரும் வரவேற்பும் கிடைத்தன. அமிஸ் வீரருக்கு முதலில் கணக்கிடப்பட்ட தொகை 68,000 யென். செய்தித்தாள்களில் கூக்குரல் எழுந்தபின் நன்கொடைகளும் கூடுதல் தொகைகளும் சேர்ந்தன.

காரணம் சட்டத்தில் இருந்தது. 1952-இல் சான்பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, தைவானியரும் கொரியரும் ஜப்பானியக் குடியுரிமையை இழந்ததாக ஜப்பான் கருதியது. போரில் காயமுற்றோருக்கும் இறந்தோர் குடும்பத்துக்கும் உதவும் சட்டம் அதே ஆண்டில் வந்தது; அது ஜப்பானியக் குடிமக்களுக்கு மட்டும். இவர் முறையான படைவீரர் என்பது கூட இங்கே உதவவில்லை. சாகச் சொன்னபோது ஜப்பானியன், சம்பளம் கேட்டபோது அந்நியன் என்று பலர் கசந்து சொன்னது இதைத்தான்.

இந்த வீரரின் கதையால் எழுந்த கவனத்தை அடுத்துத் தைவானிய முன்னாள் வீரர்கள் 1977-இல் தோக்கியோவில் வழக்குத் தொடுத்தார்கள். கீழமை நீதிமன்றங்கள் மறுத்தன. உச்ச நீதிமன்றமும் 1992-இல் தள்ளுபடி செய்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1987-இல் ஒரு தனிச்சட்டம் வந்தது: இறந்தவர் குடும்பத்துக்கும் படுகாயமுற்றவருக்கும் தலா 20 லட்சம் யென், ஒரே முறை, இழப்பீடு என்ற பெயரில் அல்லாமல் இரங்கல் தொகையாக. வீரர்களின் சேமிப்புக் கணக்குகளிலும் நிலுவைச் சம்பளத்திலும் இருந்த பணத்தை 120 மடங்காக்கித் தருவதாக 1995-இல் அறிவித்தார்கள். விலைவாசி ஏறிய அளவுக்கு அது எட்டவில்லை என்று பலர் வாங்க மறுத்தார்கள்.

போர் முடிந்தபின் மற்றவர்கள் நிம்மதியாக ஊர் திரும்பினார்களா?

ஊர் திரும்பியவர்களுக்குச் சீக்கிரமே வேறொரு சீருடை காத்திருந்தது. 1945-க்குப் பின் தைவானில் இறங்கிய கோமிந்தாங் படைகள், வேலையும் மொழிப் பயிற்சியும் தருவதாகச் சொல்லி ஆட்களைச் சேர்த்து, சீன உள்நாட்டுப் போருக்கு அனுப்பின. அவர்களில் பூர்வகுடி இளைஞர்களும் இருந்தார்கள். அங்கே மாவோவின் படையிடம் பிடிபட்டுச் சீருடை மாற்றியவர்களும், அதன்பின் கொரியப் போருக்குச் சென்றவர்களும் உண்டு. சீனாவில் சிக்கியவர்கள் 1980-களின் இறுதி வரை ஊர் திரும்ப முடியவில்லை.

வீட்டில் இருந்தவர்களுக்கு அரசு புதிய பெயர் கொடுத்தது: ‘மலைவாழ் உடன்பிறப்புகள்’. ஆளுக்கொரு சீனக் குடும்பப் பெயரும் வழங்கப்பட்டது. எழுத்தர் எழுதியபடி ஒரே குடும்பத்து உடன்பிறந்தோருக்கு வெவ்வேறு குடும்பப் பெயர்கள் விழுந்த இடங்களும் உண்டு. ஜப்பானியக் கல்வி பெற்ற தலைவர்கள் ஐயத்தோடு பார்க்கப்பட்டார்கள். அதாயல் மருத்துவரும் அரசியல்வாதியுமான லோசிங் வாதன், த்சோ ஆசிரியரும் இசையமைப்பாளருமான உவோங் யதாவுயோங்கானா ஆகிய இருவரும் 1954 ஏப்ரல் 17 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பூர்வகுடிகளுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று பேசியது அவர்கள் செய்த குற்றங்களில் ஒன்று. அதன்பின் முன்னாள் வீரர் எவரும் தன் போர்க்கதையை வெளியே சொல்லாதது வியப்பன்று. இராணுவச் சட்டம் 1987-இல் நீங்கிய பின்னரே அக்கதைகள் பதிவாகத் தொடங்கின. அதற்குள் பலர் இறந்திருந்தார்கள்.

வெளிப்படையாகக் கேட்கிறேன்: இவர்கள் ஜப்பானின் கைக்கூலிகள் இல்லையா?

கைக்கூலி என்றால், தனக்கென்று ஒரு நாடு இருந்து அதைக் காட்டிக்கொடுத்தவன் என்று பொருள். இவர்கள் எந்த நாட்டைக் காட்டிக்கொடுத்தார்கள்? சீனாவையா? 1895-க்கு முன்பு சிங் அரசின் கை எட்டாத மலையில் பிறந்தவருடைய பேரன் சீனாவுக்கு என்ன கடன்பட்டிருந்தான்? சீனத் தேசியம் பேசுவோர் இக்கேள்வியை எழுப்பும்போது, இம்மக்கள் எப்போதும் சீனர்களே என்ற முடிவைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள்.

அதற்காக அவர்கள் செய்த எல்லாவற்றையும் துடைத்துவிடவும் முடியாது. நியூ கினி, பிலிப்பீன்ஸ் மக்களின் பார்வையில் அவர்கள் ஆக்கிரமித்த படையின் பகுதி. நான் வாசித்த எழுத்துகளில் மிகக் குறைவாகப் பேசப்பட்டிருப்பது இந்தப் பக்கம்தான். காலனி ஆட்சியில் ஒடுக்கப்பட்டவன் இன்னொரு தீவின் மக்கள்முன் துப்பாக்கியுடன் நிற்கும்போது, முதல் உண்மை இரண்டாவதை அழித்துவிடுவதில்லை.

முதிய வீரர்கள் ஜப்பானிய மொழியில் பேசிப் பழைய படைப்பாடல்களைப் பாடுகிறார்களாமே? அப்படியென்றால் ஜப்பானை விரும்பினார்கள் என்றுதானே பொருள்?

ஓரளவுக்கு. ஆனால் வேறு இனத்தாருடன் பேச அவர்களிடம் இருந்த ஒரே பொதுமொழி ஜப்பானியம் என்பதை முதலில் பாருங்கள். அமிஸ் முதியவரும் அதாயல் முதியவரும் சந்தித்தால் ஜப்பானியத்தில்தான் பேச முடியும். யிலான் பகுதியின் சில ஊர்களில் அதாயலும் ஜப்பானியமும் கலந்து ஒரு புதிய கலப்பு மொழியே பிறந்திருக்கிறது. மொழி, பாடல், இளமை ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் வந்தவர்களுக்கு அவற்றைப் பிரித்தெடுப்பது எளிதன்று.

அடுத்து வந்த ஆட்சியோடு ஒப்பிட்டே அவர்கள் முந்தையதை நினைவுகூர்ந்தார்கள். போருக்குப் பிந்தைய காலம் பற்றிய பதிலில் சொன்ன துப்பாக்கிச் சூடுகளையும் மௌனத்தையும் கடந்து வந்தவர், கண்டிப்பான காவல் ஆசிரியரைப் பரிவோடு நினைப்பதில் கோமிந்தாங் மீதான கோபமும் கலந்திருக்கிறது. அந்த ஏக்கத்தை அப்படியே எடுத்து ‘எங்கள் ஆட்சி நல்லாட்சி’ என்பதற்குச் சான்றாக நீட்டும் ஜப்பானிய வலதுசாரிகளைப் பற்றி எனக்கு நல்ல கருத்து இல்லை.

யசுகுனி ஆலயத்தில் இவர்களும் வணங்கப்படுகிறார்களா?

ஆம். ஜப்பானுக்காக இறந்தவர்களைத் தெய்வமாக வைத்திருக்கும் தோக்கியோவின் யசுகுனி ஆலயத்தில் தைவானியர் சுமார் 28,000 பேரின் பெயர்களும் சேர்க்கப்பட்டுள்ளன. குடும்பத்தாரிடம் கேட்டுச் சேர்த்ததில்லை. பெயர்களை நீக்கக் கோரியபோது ஆலயத் தரப்பு சொன்ன பதில் இதுதான்: அவர்கள் இறந்த கணத்தில் ஜப்பானியர், இறந்தபின் ஜப்பானியர் அல்லாமல் ஆக முடியாது. ஓய்வூதியச் சட்டத்தையும் இந்தப் பதிலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உயிரோடு திரும்பியவர் குடியுரிமையை இழக்கலாம், செத்தவர் இழக்க முடியாது.

அதாயல் மரபைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் சிவாஸ் அலி இதை எதிர்த்துப் பூர்வகுடிகளைத் திரட்டினார். 2005 ஜூனில் முன்னோரின் ஆவிகளை அழைத்துச் செல்வதற்காக ஆலயத்துக்குப் புறப்பட்ட குழுவைக் காவல்துறை வழியிலேயே தடுத்தது. தைவானியர் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் ஒசாகா உயர் நீதிமன்றம் 2005 செப்டம்பர் 30 அன்று, ஜப்பானியப் பிரதமர் கொய்சுமியின் ஆலய வருகைகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று கூறியது. இழப்பீடு மட்டும் கிடையாது என்றது. எல்லாப் பூர்வகுடிக் குடும்பங்களும் சிவாஸ் அலியின் பக்கம் நிற்கவில்லை. தந்தையின் பெயர் அங்கே இருப்பதே தங்களுக்குக் கிடைத்த ஒரே மரியாதை என்று கருதியவர்களும் உண்டு. ஆண்டுதோறும் அங்கே சென்று வந்த முதியவர்களும் உண்டு.

தைவானில் இவர்களுக்கு நினைவுச்சின்னம் ஏதும் இல்லையா?

தைப்பேக்கு அருகே வூலாய் என்ற அதாயல் ஊரில் 1992-இல் ஒன்று எழுந்தது. 2006-இல் அது இடம் மாற்றித் திறக்கப்பட்டபோது முன்னாள் குடியரசுத் தலைவர் லீ தெங்-ஹுய் கலந்துகொண்டார். லீ பூர்வகுடி அல்லர். ஆனால் அவரது அண்ணன் ஜப்பானியக் கடற்படையில் சேர்ந்து பிலிப்பீன்ஸில் இறந்து யசுகுனியில் வணங்கப்படுபவர். ஜப்பானியர் அளித்த பணமும் ஜப்பானிய வாசகங்களும் இருந்ததால், காலனியத்தைப் போற்றும் சின்னம் என்று எதிர்ப்பு எழுந்து, உள்ளூர் அரசு கற்பலகைகளை அகற்றியது; விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பெருநகரில் இருந்த அரசியல்வாதிகள் இரு பக்கமும் நின்று பேசியதில், வூலாய்க்காரர்கள் தங்கள் ஊர் ஆண்களுக்காகக் கல் நட்டார்கள் என்பது மறைந்துபோனது.

சரி, கடைசியில் அவர்கள் யார்? ஜப்பானியரா, சீனரா, தைவானியரா?

முதல் பதிலில் சொன்ன சொற்பொருளுக்குத் திரும்புகிறேன். தங்களை ‘மனிதர்’ என்று அழைத்துக்கொண்ட மக்கள், நூறு ஆண்டுகளில் காட்டுமிராண்டி, தகாசாகோ, மலைவாழ் உடன்பிறப்பு என்று மூன்று அரசுப் பெயர்களைச் சுமந்தார்கள். 1984-இல் தொடங்கிய உரிமை இயக்கம்தான் ‘பூர்வகுடி’ என்ற சொல்லைத் தாங்களே தேர்ந்து முன்வைத்தது. பத்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1994-இல் அது அரசியலமைப்பில் ஏறியது. 2016 ஆகஸ்டு 1 அன்று குடியரசுத் தலைவர் ட்சாய் இங்-வென் 400 ஆண்டு அநீதிகளுக்காக அரசின் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் அந்தப் பொதுச்சொல்லும் முழு விடையன்று. அதாயலின் கிளையாக ஜப்பானியர் வகைப்படுத்திய த்ருகு மக்கள் 2004-இலும் செதிக் மக்கள் 2008-இலும்தான் தனி இனங்களாக ஏற்கப்பட்டார்கள். மோனா ருதாவோ தன் வாழ்நாள் முழுதும் அரசு ஏடுகளில் அதாயலாகவே இருந்தார். கோமிந்தாங் அரசு பின்னர் அவரைச் சீனாவின் ஜப்பானிய எதிர்ப்பு வீரராக ஆக்கியது. அவர் போரிட்டது தன் ஊருக்காகவும் மூதாதையர் விதித்த ‘காயா’ என்ற வாழ்நெறிக்காகவும். வீரர்களிடம் நேரே கேட்டபோதும் ஒரே விடை வரவில்லை. சிலர் தாம் இன்றும் ஜப்பானியரே என்றார்கள், சிலர் தாம் ஏமாற்றப்பட்டதாகச் சொன்னார்கள், ஒரே மனிதர் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் சொன்னதும் உண்டு. இதில் முரண்பாட்டைத் தேடுபவர்கள், மூன்று அரசுகள் அவர்களிடம் நடந்துகொண்டதில் அதைவிடப் பெரிய முரண்பாடு இருப்பதைக் காணத் தவறுகிறார்கள்.

மொரோத்தாய் வீரரைப் பற்றித் தமிழில் எழுதினால் எந்தப் பெயரை எழுதுவது?

நகமுரா தெருவோ என்ற பெயரில்தான் செய்திகள் உலகம் முழுவதும் பரவின. தேடுபவர்களுக்கு அது தேவைப்படும். லீ குவாங்-ஹுய் என்பது தைவானிய அரசு ஆவணங்களில் இருக்கும். அவரது அமிஸ் பெயர் அச்சில் இருவிதமாக வருகிறது: அத்துன் பலாலின் என்று சிலவற்றிலும், சுனியுவோ என்று சிலவற்றிலும். ஊரார் அழைத்தது சுனியுவோ. நான் எழுதும்போது முதலில் சுனியுவோ என்று எழுதி, மற்றப் பெயர்களை ஒருமுறை மட்டும் அடுத்து வைக்கிறேன். மேலே மொரோத்தாய் பற்றிய பதிலில் அவரை வெறுமனே ‘பிறந்தவர்’ என்று தொடங்கி, பதிவேட்டுப் பெயர்களைப் பதிவேட்டுப் பெயர்களாக மட்டுமே குறித்ததற்கும் இதுவே காரணம்.